அரை டிக்கெட்

மாலை ஏழு மணியானால் அந்த வீட்டில் ஒரு மரம் ஊர்வலம் கிளம்பும். பின்னறைச் சன்னலோரத்தில் புறப்பட்டு, சமையலறை வாசலைத் தாண்டி, கூடத்துச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரும். தூக்கி வருகிறவர் ஸ்டானிஸ்லாஸ். அறுபத்தெட்டு வயது, இடுப்பில் பிடிப்பு வேறு. மரம் அவர் நெஞ்சு உயரம் இருக்கும். தொட்டியோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, கிளைகள் மூக்கில் குத்த, முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் காலால் தரையைத் தடவித் தடவி அவர் வருவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். பார்க்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

மேசையில் சீனி டப்பாமேல் சாய்த்து வைத்த கைப்பேசி காத்திருக்கும். வைஃபை அந்த மேசையைச் சுற்றி மட்டும்தான் ஒழுங்காக எட்டும். பின்னறைக்குப் போனால் படம் உறைந்து நின்றுவிடும். ஏழு அடித்த சற்று நேரத்தில் மகள் வீடு இருக்கும் பெர்த்திலிருந்து மனைவி டோரிஸ் கூப்பிடுவாள்.

"என்னங்க, அரை டிக்கெட் எப்படி இருக்கான்? காட்டுங்க."

அரை டிக்கெட் என்பது மரத்தின் பெயர். ஆல், அரசு சாதியில் சின்ன இலையும் தொங்கும் கிளையுமாக, ஹோட்டல்களிலும் வங்கிகளிலும் ஏர்கான்டிஷனுக்குக் கீழே நிற்குமே, ஃபைக்கஸ் என்பார்கள், அந்த மரம். டோரிஸ் தங்கள் ஊரான ஈப்போ டவுனில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். முன்கூடத்தை இடித்துக் கட்டியபோது மரங்களைப் பின்வாசலில் குப்பையோடு தள்ளியிருந்தார்கள். அவற்றில் ஒன்றை அவள் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அந்த பஸ்ஸை ஓட்டியது அவள் புருஷன். ஸ்டானிஸ்லாஸ் முப்பது வருஷம் ஈப்போ–காம்பார் பஸ் ஓட்டியவர். மரமும் மனைவியுமாகப் படியேறியதைப் பார்த்து, "ஆளுக்கு முழு டிக்கெட், இவனுக்கு அரை டிக்கெட்" என்று நிஜமாகவே கிழித்துக் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது. அவர் வாழ்க்கையில் அடித்த நகைச்சுவைகளில் டோரிஸ் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

மகள் வெண்டிக்குப் பிள்ளை பிறந்ததும் டோரிஸ் பெர்த்துக்குப் போனாள். ஒரே மகள், முதல் பேரப்பிள்ளை. தாய் போகாமல் வேறு யார் போவது? "கிறிஸ்மசுக்கு வந்துடுவேன்" என்றாள். கிறிஸ்மஸ் வந்தது. குழந்தைக்குச் சளி. வருஷப் பிறப்பு வந்தது. வெண்டிக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. விசாவை நீட்டினார்கள். சீனப் பெருநாளும் வெடி வெடித்து முடிந்தது. எப்போது வருகிறாய் என்று ஸ்டானிஸ்லாஸ் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம்.

அவர்களும் அவரைக் கூப்பிடாமல் இல்லை. அவள் போன புதிதில், ஆகஸ்டு மாசம், ஒரு முறை போய் இரண்டு வாரம் இருந்தும் பார்த்தார். குளிர். வீதியில் மனித நடமாட்டமே இல்லை. மருமகன் கென்னத் நல்ல பையன்தான். ஆனால் நல்ல பையன்களிடம் எத்தனை தடவை வானிலையைப் பற்றிப் பேசுவது? பஸ்ஸும் கோப்பிக் கடையும் இல்லாத ஊரில் தன்னால் மூச்சுவிட முடியாது என்று சொல்லித் திரும்பிவிட்டார். இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? பஸ் ஓட்டுகிறவனுக்குத் தெரிகிற முகமெல்லாம் கண்ணாடியில் தெரிகிற முகம். இறங்கிப் போனால் போனதுதான். வேலையை விட்ட பிறகு, முப்பது வருஷம் ஏற்றி இறக்கியவர்களில் ஒருவர்கூட இந்த மூன்றாம் மாடி ஏறி வரவில்லை. அதில் அவருக்கு வருத்தம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். இருந்தது.

பெர்த்துக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் டோரிஸ் சொன்ன கடைசிச் சொல், "வாரேங்க." நம் ஆட்கள் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. சாவு வீட்டைத் தவிர எங்கிருந்து கிளம்பினாலும் 'வாரேன்'தான். அன்றாடம் அழைப்பை முடிக்கும்போதும் அதே சொல்லைத்தான் சொல்வாள். "சரிங்க, பிள்ள அழுவுது. வாரேன்." உடனே திரை இருண்டுவிடும். 'தெனம் வாரேன் வாரேங்கிறா, வரத்தான் காணோம்' என்று ஸ்டானிஸ்லாஸ் இருண்ட திரையைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார்.

அந்த அழைப்பில் இருவரும் பேசுவது மரத்தைப் பற்றித்தான். அவர் பெர்த்துக்குப் போயிருந்தபோது, கைப்பேசியின் கேமராவை வெளிப்பக்கம் பார்க்கும்படி வெண்டி வைத்துக் கொடுத்திருந்தாள். அதைத் திருப்பும் பொத்தானைத் தொட்டால் எல்லாமே அழிந்துபோகும் என்று அவராக ஒரு முடிவு. அவர் முகம் டோரிசுக்குத் தெரியாது, மரம்தான் தெரியும். அதில் அவருக்குக் குறையும் இல்லை. இந்த மூஞ்சியை நாற்பது வருஷம் பார்த்தாயிற்று, இன்னும் என்ன? "இந்தப் பக்கம் திருப்புங்க", "அந்தக் கெளைய விரிச்சுக் காட்டுங்க", "தூசு படிஞ்சிருக்கு, தொடைங்க" என்று அவள் சொல்லச் சொல்ல, ஒரு கையில் கைப்பேசியை மரத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மறு கையால் அவர் செய்வார். பத்து நிமிஷம் ஓடிவிடும். மரம் இல்லாவிட்டால் அந்தப் பத்து நிமிஷத்தை எதை வைத்து ஒப்பேற்றுவது?

அந்த மரம்தான் இலை கொட்டத் தொடங்கியது.

முதலில் நாலைந்து. மேசைக்கும் பின்னறைக்கும் நடுவே வழியெல்லாம் விழுந்து கிடந்தன. ஸ்டானிஸ்லாஸ் கலங்கவில்லை. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகன் அவர். இலை கொட்டுகிற மரத்தைப் பார்க்காதவரா? மாசி, பங்குனி வந்தால் தோட்டத்தில் மரமெல்லாம் மொட்டையாகும், பால் குறையும், அப்புறம் செம்பு நிறத்தில் கொழுந்து விடும். அரை டிக்கெட்டின் காம்பைக் கிள்ளினாலும் அதே வெள்ளைப் பால்தான். பால் மரத்துக்கு இலை கொட்டுகிற மாசம் வந்திருக்கிறது, அவ்வளவுதானே என்று தீர்ப்பு எழுதிவிட்டார். தவக்காலம் வேறு தொடங்கியிருந்தது. மரமும் ஒருசந்தி இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

அப்பா தோட்டத்தில் உரம் போட்டது நினைவுக்கு வந்தது. உரத்துக்கு அங்கே பாஜா என்றுதான் பெயர். பாசாருக்குப் போய் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, ஏக்கர்க் கணக்கில் நிற்கிற மரத்துக்குப் போடுகிற தாராளத்தோடு இரண்டு கை அள்ளிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அதுவரை பச்சையாக விழுந்த இலைகள் இப்போது நுனி கருகி விழுந்தன.

எதிர்வீட்டுக் காளியம்மா குழம்பு கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றாள். மரம் வந்த நாளிலிருந்து அவள் உள்ளே வந்ததில்லை. அரச மரச் சாதியை வீட்டுக்குள் வைத்தால் அதோடு என்னவெல்லாமோ குடிவரும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

"என்னாண்ணே, மரம் இப்படி ஆயிருச்சு?"

"இலை போடுற மாசம்லா."

"அதெல்லாம் இல்ல. அக்கா கொரலு இல்லாம ஏங்குது. வளத்த கைய அதுக்குத் தெரியும்ண்ணே."

அது ஸ்டானிஸ்லாஸைக் குத்தியது. தண்ணீர் ஊற்றுவது யார், தூக்கிச் சுமப்பது யார்? நன்றிகெட்ட மரம், ஏங்குவது மட்டும் அவளுக்கு. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து மரத்தைச் சீக்கிரமே மேசைக்குக் கொண்டுவந்து, டோரிசின் குரல் நன்றாக விழட்டும் என்று கைப்பேசிக்கு நேராக வைத்தார். அழைப்பு முடிந்ததும் பின்னறைக்கு அனுப்ப மனமில்லாமல் டிவி பக்கம் வைத்துக்கொண்டார். தனியாக உட்கார்ந்து செய்தி பார்ப்பதற்கு ஒரு மரத்தோடு உட்கார்ந்து பார்ப்பது தேவலை. காலையில் மறுபடி சன்னலுக்கு. ஊர்வலம் இப்போது நாளுக்கு மூன்று தடவை நடந்தது.

இலை இன்னும் கொட்டியது.

டோரிசிடம் எப்படிச் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையில் இறங்கினார். இலை மிச்சமிருந்த பக்கத்தை மட்டும் கேமராவுக்குக் காட்டினார். "திருப்புங்க" என்றால் தொட்டியைத் திருப்புவதுபோல் உறுமிவிட்டு அதே பக்கத்தை வைத்தார். அந்தப் பக்கமும் மெலிந்தபோது, "லைன் சரியில்ல டோரிஸ், படம் ஆடுது" என்று கைப்பேசியை ஆட்டினார். அவள் "சரிங்க, வாரேன்" என்றாள்.

அவள் திரும்பி வரும்போது இந்த மரம் இருக்க வேண்டும். மொட்டைக் குச்சியை வைத்துக்கொண்டு வாசலில் நிற்க அவரால் முடியாது. மரமும் போய்விட்டது என்று தெரிந்தால், இந்த வீட்டுக்குத் திரும்ப அவளுக்கு என்ன காரணம் மிஞ்சும்? தன்னை ஒரு காரணமாக அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒரு சனிக்கிழமை கருகிய இலைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

சிம்பாங் பூலாய் போகும் வழியில், சுண்ணாம்புக் குன்றின் அடியில் தேவனின் செடிக் கடை இருக்கிறது. தேவனுக்கு நாற்பது வயது இருக்கும். மண் ஒட்டிய கையோடு இலையை வாங்கி முகர்ந்து பார்த்தான்.

"எவ்ளோ பாஜா போட்டீங்கண்ணே?"

"ரெண்டு கை."

"தொட்டிக்கா?"

"பால் மரம்தானப்பா. எங்கப்பா தோட்டத்துல அப்படித்தான் போடுவாரு."

"எங்க தாத்தாவும் தோட்டம்தான். அதுக்காகப் பால் வந்தா எல்லாம் ரப்பராண்ணே? எருக்கலையிலயும் பால் வருது." தேவன் சிரித்தான். "மேல் மண்ண வழிச்சுப் போட்டுட்டு, தண்ணிய நல்லா விட்டு அலசிருங்க. அப்புறம் மண்ணு காஞ்சாதான் தண்ணி. சரி, மரம் எங்க நிக்குது?"

"காலையில பின்னால சன்னல்கிட்ட. சாயந்திரம் சாப்பாட்டு மேசை. ராத்திரி டிவி பக்கம்."

"ஏண்ணே, அவரு செய்தி பாப்பாரா?"

ஸ்டானிஸ்லாஸ் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேவனும் நிறுத்திக்கொண்டான்.

"இது ரோசக்கார மரம்ண்ணே. எடம் மாத்துனா புடிக்காது. வெளிச்சம் மாறுனாலும் காத்து மாறுனாலும் உள்ள இலையெல்லாம் கழட்டிப் போட்டுரும். நல்ல வெளிச்சத்துல ஒரு எடம் பாத்து வெச்சுட்டு, தொடாதீங்க. ஆசைக்குக்கூடத் தூக்காதீங்க. சும்மா விட்டாலே பாதி பொழைச்சிரும்."

"பொழைக்கும்கிற?"

"குச்சிய நகத்தால சொரண்டிப் பாருங்க. உள்ள பச்சை இருந்தா பொழைக்கும்."

வழியெல்லாம் ஸ்டானிஸ்லாஸுக்கு மனசு ஆறவில்லை. அப்படியானால் மரத்தை மொட்டையடித்தது மாசியும் இல்லை, ஏக்கமும் இல்லை. தினமும் டோரிஸ் பார்க்கட்டும் என்று தூக்கித் தூக்கியே, அவளுடைய மரத்தைக் கொன்றுகொண்டிருந்தது அவர்தான். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரு சுள்ளியைச் சுரண்டினார். பட்டைக்குக் கீழே பச்சை. பச்சையின் ஓரத்தில் ஒரு பொட்டு வெள்ளைப் பால் ஊறி நின்றது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மெய்யாகவே கண் கலங்கியது.

குளியலறையில் வைத்து மண்ணை வழித்து, தொட்டியின் அடியோட்டையில் தெளிந்த நீர் வரும்வரை அலசினார். பிறகு கடைசித் தடவையாகத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார். சன்னலோரத்தில் எங்கே வைப்பது என்று யோசிக்கத் தேவை இருக்கவில்லை. தரை ஓட்டில் ஒரு பழுப்பு வட்டம் பதிந்திருந்தது. வருஷக்கணக்காக அந்தத் தொட்டி ஓர் அங்குலம் அசையாமல் நின்ற வட்டம். எத்தனையோ முறை கூட்டிப் பெருக்கியும் அது அவர் கண்ணில் பட்டதில்லை. தொட்டியை அதன்மேல் இறக்கினார். கச்சிதமாகப் பொருந்தியது.

அன்று ஏழு மணிக்கு மேசைமேல் மரம் இல்லை.

"அரை டிக்கெட் எங்கங்க?"

"உள்ள இருக்கான்."

"காட்டுங்க."

"இடுப்பு வலி."

"தைலம் போட்டீங்களா?"

"ம்."

மறுநாளும் இடுப்பு வலி. அதற்கு மறுநாளும் இடுப்பு வலி. நாற்பது வருஷத்தில் அவர்கள் பேசியதெல்லாம் அரிசி, கேஸ், வெண்டியின் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு யார் வண்டியில் போவது. அவையெல்லாம் முடிந்துபோன இடத்தில் மரம் ஒன்றுதான் நின்றது. அதையும் இப்போது எடுத்தாயிற்று. திரையில் டோரிஸ் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு எதையோ பார்த்தபடி இருந்தாள்.

"என்னா பாக்குற?"

"சீனி டப்பாவ. வேற என்னா தெரியுது இங்க?" என்றாள். பிறகு மெதுவாக, "இலை கொட்டிருச்சா?" என்றாள்.

இனி மறைத்து என்ன? பாஜா போட்டது, ஊர்வலம், தேவன் சொன்னது எல்லாவற்றையும் ஸ்டானிஸ்லாஸ் ஒப்பித்தார். கோயிலில் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவர் அவ்வளவு முழுசாகச் சொன்னதில்லை. அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தார்.

"அவன் அப்படித்தாங்க. பஸ்ஸுல கொண்டாந்தேனே, அப்பவும் ஒரு இலை மிச்சம் வெக்காமக் கொட்டுனான்."

"எப்ப?"

"கொண்டாந்த ஒடனே. ரொம்ப நாளு மொட்டையாவே நின்னான். அப்புறம் துளிர் விட்டான்."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க எங்க வீட்டுல இருந்தீங்க?" என்றாள் டோரிஸ். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அதுதான் அவருக்கு வலித்தது. "விடிகாலையில போவீங்க. சாப்பிட்டதும் படுத்துருவீங்க. நானும் மொட்டை மரமும்தான். சரிங்க, பிள்ள தூங்கிட்டா. வாரேன்."

திரை இருண்டது. அவர் நெடுநேரம் சீனி டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கூடத்தில் இருந்த நாற்காலியைப் பின்னறைக்குக் கொண்டுபோனார். மரம் வரக் கூடாது என்றால் ஆள் போக வேண்டியதுதானே. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் சும்மா இருந்தார். சும்மா இருப்பதுபோலக் கஷ்டமான வேலை கிடையாது. கை துறுதுறுவென்று அலையும். மரத்தின்மேல் காற்று படாதபடி மின்விசிறியை நிறுத்திவைத்தார். வெயில் சுள்ளென்று விழுகிற நேரத்தில் மெல்லிய திரையை இழுத்துவிட்டார். மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்திருந்தார். காளியம்மா வாசலில் கொடுத்த குழம்பையும் அங்கேயே கொண்டுபோய்ச் சாப்பிட்டார்.

அந்தச் சன்னலில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எதிரே குன்று. அதன் அடிவாரத்தில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, கோப்பெங் சாலையில் ஒரு துண்டு தெரிந்தது. லாரி ஒன்று அதில் முளைத்து அதிலேயே மறைந்தது. சிறிது நேரத்தில் ஒரு பஸ் வந்தது. காம்பார் பஸ். இடது பக்கம் மெல்ல வளைந்து போனது. அந்த வளைவில் கியர் மாற்ற வேண்டும் என்று அவர் கால் தன்னை அறியாமல் அழுந்தியது. அப்புறம்தான் உறைத்தது. முப்பது வருஷம் தான் ஓட்டிய பஸ் இந்தச் சன்னலுக்கு எதிரேதான் போய்வந்திருக்கிறது. டோரிஸ் ஏன் இந்த இடத்தில் மரத்தை வைத்தாள், ஏன் துணி மடிப்பதும் கீரை ஆய்வதும் இந்த அறையிலேயே என்று அவர் கேட்டதே இல்லை. பஸ் போன பிறகு அந்தத் துண்டுச் சாலை வெறுமையாகக் கிடந்தது. இவ்வளவு வெறுமையை அவள் தினமும் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள்?

அன்று மாலை அவர் சொன்னார், "பின்னறை சன்னல்ல ரோடு தெரியுது."

"ம்."

"பஸ்ஸு தெரியுது."

"தெரியும்" என்றாள் டோரிஸ். அதோடு இருவரும் சும்மா இருந்தார்கள். முன்பு இருந்த சும்மா இல்லை அது.

தவக்காலம் முடிந்து பெரிய வியாழனும் போனது. மரம் குச்சியாகவே நின்றது. அவர் தினமும் ஒரே செய்தியைச் சொன்னார்: ஒன்றும் இல்லை. உயிர்ப்புத் திருநாள் பூசைக்குப் போய், எல்லோரும் குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கவாசல் வழியாக நழுவி, வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதும் மரத்தில் ஒன்றும் இல்லை. அது செத்துவிட்டது, தேவன் ஆறுதலுக்குச் சொல்லியிருக்கிறான் என்று அன்று முதல்முறையாக நினைத்தார். சுரண்டிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

அதன் பிறகு ஒரு மழை நாளில் ஈரம் பார்க்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். கிளை நுனியில் ஊசி போல ஒன்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். சுருட்டி வைத்த பச்சை. அதற்குக் கீழே இன்னொன்று. பின்பக்கம், அவர் கவனிக்காத கிளையில் ஏற்கெனவே ஓர் இலை விரிந்து, மெழுகு தேய்த்ததுபோல மினுங்கிக்கொண்டிருந்தது. தொடப் போன கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஏழு மணி வரைக்கும் பொறுக்க முடியவில்லை. முதல்முறையாக அவரே கூப்பிட்டார்.

"துளிர் விட்டுட்டான், டோரிஸ்."

"மெய்யாவா? காட்டுங்க."

"காட்ட முடியாது. அங்க லைன் வராது. இவனத் தூக்கவும் கூடாது." இத்தனை மாசமாகக் கேட்காமல் வைத்திருந்தது அதுவாகவே வெளியே வந்தது. "நீ வந்து பாரு."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தார். போகவில்லை. டோரிஸ் மூக்கை உறிஞ்சினாள்.

"எனக்கு மரத்தப் பாக்கணும்னு ஒண்ணும் இல்லங்க" என்றாள்.

"பின்ன?"

"இங்க வெண்டியும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனா, சாயந்திரம் வரைக்கும் பேச ஆளில்ல. போன் போட்டா உங்க மூஞ்சியும் தெரிய மாட்டேங்குது, டப்பாதான் தெரியுது. மரத்தக் காட்டச் சொன்னா, கெளைய விரிக்க உங்க கை வரும். அந்தக் கையப் பாக்கத்தான் தெனம் கேட்டேன்."

ஸ்டானிஸ்லாஸ் தன் கைகளைப் பார்த்தார். ஸ்டீயரிங் பிடித்துக் காய்ப்பு ஏறிய கைகள். இதைப் பார்க்க ஒருத்தி கடல் தாண்டி உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அவரோ அது மரத்துக்கு என்று நினைத்து மரத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறார். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

"எந்தப் பொத்தான அமுக்கணும்?" என்றார்.

"கீழ, ரெண்டு அம்புக்குறி வட்டமா இருக்கும் பாருங்க."

அமுக்கினார். எதுவும் அழிந்துபோகவில்லை. திரையின் மூலையில் ஒரு கிழவன் வந்து நின்றான். டோரிஸ் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, முடியெல்லாம் இப்படிக் கொட்டிப் போயிருக்கு?"

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "இது துளிர் விடாதுலா" என்றார். "நீ வந்துரு, டோரிஸ்."

"வாரேன்" என்றாள்.

பழக்கதோஷத்தில் திரை இருளும் என்று அவர் காத்திருந்தார். அது இருளவில்லை. டோரிஸ் அழைப்பை வைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.